தவறு யாருடையது? – வேலை பார்க்கும் இடத்தில் திறமையும் தலைமையும்

(வலியசாலையில் நமது சபையின் இளைஞர் பிரிவு நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்களும் படிக்கவேண்டும் என்று காரியதரிசி கேட்டுக்கொண்டதால், பேசியதைச் சற்றே ஒழுங்குபடுத்தி எழுதித் தந்திருக்கிறேன்.)



உத்தியோகத்தில் முன்னேறுவது பற்றியும் தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்வது பற்றியும் பேசவேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் மேனேஜ்மென்ட் படித்தவன் இல்லை. இந்த ஊர் யுனிவர்சிட்டி காலேஜில் பௌதிகம் பி.எஸ்ஸி. படித்தவன். 1973-ல் பி.எஸ்.சி. மூலம் எல்.டி. கிளார்க்காக மாநில அரசுப் பணியில் சேர்ந்தேன். 32 வருஷம் உழைத்து, 2005-ல் 55 வயதில் துணை இயக்குநராக ஓய்வு பெற்றேன். அதனால் புத்தகத்தில் படித்ததைவிட, பட்டுத் தெரிந்துகொண்டதையே சொல்லப்போகிறேன். அதில் ஒரு விஷயம் எனக்குப் பெருமை தருவது அல்ல. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

நம் தெருவின் பழைய பாடத்திட்டம்

நாம் கூடியிருக்கும் இந்த இடத்தின் பெயரையே முதலில் எடுத்துக்கொள்வோம். சாலை என்றால் இன்று ரோடு என்று நினைக்கிறோம். பழைய கல்வெட்டுகளில் சாலை என்பது மாணவர்களுக்கு அன்னமும் வித்தையும் அளித்த ஸ்தாபனம். முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இந்த வலியசாலைதான் என்று பலர் சொல்கிறார்கள். அது எங்கே இருந்தது, அங்கே ராஜராஜன் செய்தது என்ன என்பதெல்லாம் பண்டிதர்கள் இன்றும் விவாதிக்கும் விஷயம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் இதற்கென்றே ஒரு நூல் எழுதியிருக்கிறார். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை.

ஆனால் விவாதம் இல்லாத ஒரு சான்று இருக்கிறது. இப்போது கன்யாகுமரி ஜில்லாவில் இருக்கும் பார்த்திவபுரத்தில், ஆய் வம்சத்து அரசன் கருநந்தடக்கன் ஒரு விஷ்ணு கோயிலையும், அதோடு ஒரு சாலையையும் ஏற்படுத்தினான். அதற்குரிய செப்பேடு கிடைத்திருக்கிறது. சாலை காந்தளூர் மரியாதையை அனுசரித்து நடக்கவேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. தேதியைக் கலியுக நாள் கணக்காகவே கொடுத்திருக்கிறார்கள்: 14,49,087. நான் ஸயன்ஸ் படித்தவன் ஆயிற்றே, பென்சிலை எடுத்து வகுத்துப் பார்த்தேன். கி.பி. 866 வருகிறது. ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் வருஷமும் அதேதான்.

அந்தச் சாலையில் 95 மாணவர்களுக்கு இடம். வேதசாகை வாரியாக 45, 36, 14 என்று பிரித்திருக்கிறார்கள். அங்கே இடம் பெற என்ன தகுதி தெரியுமா? வியாகரணம், மீமாம்சை, பௌரோஹித்யம் இவற்றில் தேர்ச்சி இருக்கவேண்டும். மூன்று ராஜ்யங்களின் விவகாரங்களுக்குப் பயன்படும் அளவுக்கு அந்தத் தேர்ச்சி இருக்கவேண்டும். மாணவர்கள் சண்டை போட்டால் அபராதம், சபைக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது என்றெல்லாம் ஒழுங்கு விதிகளும் உண்டு.

இதை இன்றைய பாஷையில் மாற்றிப் பாருங்கள். வியாகரணம் என்றால் சொல்ல வந்ததைப் பிழையில்லாமல் சொல்லவும் எழுதவும் தெரிவது. மீமாம்சை என்றால் ஒரு விதியின் பொருளை யோசித்து, இரண்டு விதிகள் முரண்பட்டால் எது செல்லும் என்று தீர்மானிக்கத் தெரிவது. பௌரோஹித்யம் என்றால் ஒரு காரியத்தை முறை தவறாமல், வரிசைக்கிரமமாக நடத்தத் தெரிவது. விவகார ஞானம் என்றால் சுற்றியிருக்கும் உலகம் எப்படி நடக்கிறது என்று அறிந்திருப்பது. நான் பார்த்த எந்த ஆபீஸிலும், திறமைசாலி என்று பெயரெடுத்தவர்களிடம் இந்த நான்கும் இருந்தன. இன்று டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் பையனுக்கும் இந்த நான்குதான் வேண்டும். கம்ப்யூட்டர் ஒன்று கூடுதல், அவ்வளவே.

ஸ்டாச்யூவில் நிற்பவர்

செக்ரட்டேரியட் எதிரே 'ஸ்டாச்யூ' என்று ஒரு பஸ் ஸ்டாப்பு. தினமும் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறோம். யாருடைய ஸ்டாச்யூ என்று கேட்டால் நம் குழந்தைகளில் பலருக்குத் தெரியவில்லை. சர் டி. மாதவ ராவ். 1828-ல் கும்பகோணத்தில் பிறந்தவர். சென்னையில் பவல் துரையிடம் கணிதமும் பௌதிகமும் படித்தார். 1849-ல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு வாத்தியாராக இங்கே வந்தார். பிறகு ரெவின்யூ இலாகாவில் வேலை பழகினார், திவான் பேஷ்காராகத் தெற்குப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்தினார், அதன் பிறகே திவான் ஆனார். 1872 வரை அந்தப் பதவியில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 44 தான். கஜானாவின் கடனை அடைத்ததும், மிளகு, புகையிலை ஏகபோகங்களை ஒழித்ததும், இப்போதைய செக்ரட்டேரியட் கட்டடம் 1869-ல் எழும்பி முடிந்ததும் அவர் காலத்தில்தான்.

சிபாரிசு, குடும்பம் எல்லாம் அவருக்கும் இருந்தன. தகப்பனாரே திவானாக இருந்தவர். ஆனால் கீழே இருக்கும் வேலையைத் தானே செய்து கற்றுக்கொண்ட பிறகே மேலே போனார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பவர் செய்யும் வேலை என்னவென்று தெரியாத அதிகாரியை, அந்தக் கீழே இருப்பவர் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

1977: ஒரு கூட்டல் பிழை

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். துறையின் பெயர் வேண்டாம்.

1977-ல் ஒரு பட்ஜெட் ஸ்டேட்மென்ட் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கால்குலேட்டர் கிடையாது, கையால்தான் கூட்டவேண்டும். ஒரு இடத்தில் மீதியை ஏற்றாமல் விட்டதில் மொத்தத்தில் ஒரு லட்சம் குறைந்துபோயிற்று. ஃபேர் காப்பி எடுத்து, கையெழுத்தாகி, டெஸ்பாச்சும் ஆகிவிட்டது. மேலிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் தலைமை அதிகாரி கோபத்தோடு சூப்பரின்டென்டென்ட்டையும் என்னையும் கூப்பிட்டு, "யார் கூட்டியது?" என்று கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வேலையில் சேர்ந்து நாலு வருஷம். வீட்டில் கல்யாணத்துக்குத் தங்கை காத்திருந்த காலம்.

சூப்பரின்டென்டென்ட் நிதானமாகச் சொன்னார்: "சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான், ஸார். தவறு என்னுடையது." அவ்வளவுதான். மேற்கொண்டு வசவெல்லாம் அவருக்கே விழுந்தது. செக்‌ஷனுக்குத் திரும்பியதும் என்னைத் திட்டுவார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் போட்டு, "மேலிருந்து கீழே ஒரு தடவை கூட்டு. பிறகு அந்த விடையை மூடி வைத்துவிட்டுக் கீழிருந்து மேலே ஒரு தடவை கூட்டு. இரண்டும் ஒத்துவந்தால்தான் பேனாவைத் தொடவேண்டும்" என்றார். ரிட்டயராகும் நாள் வரை அப்படித்தான் கூட்டினேன். அவருக்காக ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து வேலை செய்யவும் எனக்குச் சிரமமாக இருந்ததில்லை.

தும்பாவிலிருந்து ஒரு பாடம்

இதே குணம் ஒரு பெரிய காரியத்தில் எப்படி வேலை செய்தது என்பதற்கு, நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் மேலே போனது. அங்கே தொடங்கிய வேலை வளர்ந்து, எஸ்.எல்.வி.-3 என்ற ராக்கெட்டாக உருவாயிற்று. 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு அடுக்கு. திட்டத்தின் தலைவர் டாக்டர் அப்துல் கலாம். இஸ்ரோவின் தலைவர் பேராசிரியர் சதீஷ் தவான்.

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதை ஏவினார்கள். கடைசி நிமிஷங்களில் இரண்டாவது அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலக் கசிவு தெரிந்தது. மீதி இருப்பதே போதும் என்று நிபுணர்கள் சொன்னார்கள்; ஏவலாம் என்று முடிவாயிற்று. முதல் அடுக்கு நன்றாகவே போனது. இரண்டாவது அடுக்கில் கட்டுப்பாடு போய், 317 விநாடியில் ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது.

பத்திரிகையாளர்கள் காத்திருந்தார்கள். கலாம் அதைப் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். தவான் அவரை முன்னே தள்ளவில்லை. தாமே பத்திரிகையாளர்களைச் சந்தித்து, இன்று தோற்றோம், என் குழுவின்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, அடுத்த முறை ஜெயிப்போம் என்ற கருத்தில் பேசினார். 1980 ஜூலை 18 அன்று அதே எஸ்.எல்.வி.-3, 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அன்றும் பத்திரிகையாளர் கூட்டம். அன்று தவான் கலாமைப் பார்த்து, நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இவ்வளவுதான் பொதுவாக எல்லோரும் சொல்வார்கள். இதற்கு இன்னொரு பாதி உண்டு, அதைக் கவனிக்கவேண்டும். தோல்விக்குப் பிறகு, நடந்தது என்ன என்று ஆராய்ந்தார்கள். கசிவின் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த விஷயம் பரிசீலனைக்கு வந்தபோது கலாம் எழுந்து, கசிவை அற்பமாக நினைத்தது என் பிழை, ஏவுதலை நான் நிறுத்தியிருக்கவேண்டும் என்று தாமே ஏற்றுக்கொண்டார். 'அக்னிச் சிறகுகள்' படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆக, வெளியே ஊருக்கு முன்னால் பழியை ஏற்றது தலைவர். உள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு உண்மையைப் பேசும் இடத்தில், தவறு செய்தவர் அதை மறைக்கவில்லை. தலைவர் காப்பாற்றுவார் என்று தெரிந்ததால் அவரால் மறைக்காமல் இருக்க முடிந்தது. உண்மை தெரிந்ததால் அடுத்த ராக்கெட்டைத் திருத்த முடிந்தது. பழியை ஏற்பது வெறும் பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். வேலை சரியாக நடக்க அது ஒரு கருவி.

நான் செய்தது

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

1992. நான் அப்போது அதிகாரி. என் செக்‌ஷனில் ஒரு கிளார்க்; வாய் அதிகம் பேசாத, கெட்டிக்காரப் பையன். ஒரு கொள்முதல் ஃபைலோடு என் மேஜைக்கு வந்து, "ஸார், விலை விகிதம் மாறி சர்க்குலர் வந்திருக்கிறது போலிருக்கிறது, பார்த்துவிட்டு அனுப்பலாமா?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் ஐந்தரை மணி. முப்பது ஃபைல் குவிந்திருந்தது. "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம், வை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பழைய விகிதத்திலேயே பணம் போயிற்று.

இரண்டு வருஷம் கழித்து ஆடிட் அப்ஜெக்‌ஷன் வந்தது. விளக்கம் எழுதவேண்டும். அவர் வாயால் கேட்டாரே தவிர, நோட் ஃபைலில் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. எனக்கு அப்போது ப்ரமோஷன் லிஸ்ட் வரும் சமயம். "மேற்படி சர்க்குலர் செக்‌ஷனால் என் கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரே ஒரு வாக்கியம். அவருக்கு மெமோ போயிற்று. ஒரு வருஷ இன்கிரிமென்ட் நிறுத்தப்பட்டது. எனக்கு ப்ரமோஷன் வந்தது. 1977-ல் எனக்காக ஒருவர் செய்ததை, 17 வருஷம் கழித்து நான் இன்னொருவருக்குச் செய்யத் தவறினேன். தவறினேன் என்று சொல்வதுகூட மரியாதையான வார்த்தை. நான் எழுதியது பொய்.

2018-ல் சாலைக் கடைவீதியில் அவரைப் பார்த்தேன். அவரும் ரிட்டயராகியிருந்தார். சிரித்து, க்ஷேமம் விசாரித்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுவாரம் விலாசம் கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். காபி வந்தது. அதைத் தொடாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "எனக்கு அன்றைக்கே தெரியும், ஸார். இன்கிரிமென்ட் போனது போகட்டும். அதற்குப் பிறகு நான் எந்த அதிகாரியிடமும் சந்தேகம் என்று போய் நின்றதில்லை. எனக்கு மட்டும் இல்லை, செக்‌ஷனில் எல்லோருக்கும் தெரியும். யாரும் உங்களிடம் எதையும் கொண்டுவந்திருக்கமாட்டார்கள்."

அதைக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கடைசி வருஷங்களில், என் செக்‌ஷனில் பிரச்சினையே வருவதில்லை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரச்சினை இல்லாமல் இல்லை. என்னிடம் வரவில்லை.

காபியைக் குடித்துவிட்டுப் போங்கள் என்றார். குடித்துவிட்டு வந்தேன்.

உலகம் கண்டறிந்தது

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டும் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஹார்வர்டில் ஏமி எட்மண்ட்ஸன் என்ற பேராசிரியை 1990-களில் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக நடக்கும் வார்டுகளில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அங்கேதான் அதிகப் பிழை தெரிந்தது. விசாரித்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது: அங்கே நர்ஸ்கள் பயமில்லாமல் பிழையைச் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள்.

விமானத்துறையிலும் இப்படித்தான். 1978 டிசம்பரில் அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்தருகே ஒரு விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள். சக்கரத்தில் கோளாறோ என்று காப்டன் அதிலேயே மூழ்கியிருந்தார். எரிபொருள் குறைகிறது என்பதைக் கூட இருந்தவர்கள் குறிப்பாகச் சொன்னார்களே தவிர, அழுத்திச் சொல்லவில்லை. அந்தக் காலத்திய விபத்துகளின் படிப்பினையில்தான், கீழே இருப்பவர் தைரியமாகச் சொல்லவும் காப்டன் காது கொடுத்துக் கேட்கவும் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுவதும் விமானிகளுக்கு அது கட்டாயப் பாடம்.

நம் கல்யாணங்களிலேயே இதைப் பார்க்கலாம். நல்ல தேஹண்டக்காரர் எல்லா உருளியையும் தாமே கிளறமாட்டார். ஆளுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு நடந்துகொண்டே இருப்பார். பிரதமன் அடியில் பிடிக்கிறது என்று பையன் ஓடிவந்து சொன்னால் அவனை அடிக்கமாட்டார். உடனே தீயைத் தணிப்பார். அடிக்கிற தேஹண்டக்காரரிடம் யாரும் சொல்லமாட்டார்கள். பந்தியில் ஐநூறு பேருக்குத் தெரியும்.

நடைமுறையில் சில யோசனைகள்

1. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பெர்சனல் ரிஜிஸ்டர் என்று ஒன்று இருந்தது: என்ன வந்தது, எப்போது வந்தது, என்ன செய்தோம். இன்று அதைக் கம்ப்யூட்டரில் வைத்தாலும் சரி. ஞாபகசக்தியை நம்பாதீர்கள்.

2. சந்தேகத்தை வாயால் சொன்ன பிறகு, ஒரு வரி எழுதியும் வையுங்கள். மரியாதையாக எழுதலாம். என் கிளார்க் எழுதியிருந்தால் நான் அந்தப் பொய்யை எழுதியிருக்க முடியாது. அவருக்கும் நஷ்டமில்லை, எனக்கும் பாவமில்லை.

3. சுருக்கமாக எழுதப் பழகுங்கள். மேலதிகாரி முதல் நாலு வரியைத்தான் கவனமாகப் படிப்பார். விஷயம் அதற்குள் வந்துவிடவேண்டும்.

4. பாராட்டை நாலு பேர் முன்னால் சொல்லுங்கள், பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். குறையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சொல்லும்போது அதைத் திருத்தும் வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

5. யாராவது கெட்ட செய்தி கொண்டுவந்தால், முதல் வார்த்தை "சொன்னது நல்லதாயிற்று" என்று இருக்கட்டும். கோபம் வந்தால் பத்து நிமிஷம் கழித்துப் படலாம்.

6. நீங்கள் லீவில் போனாலும் நடக்கும்படி இன்னொருவருக்கு வேலையைக் கற்றுக்கொடுங்கள். நான் இல்லாவிட்டால் ஆபீஸ் நடக்காது என்பது பெருமை இல்லை, நிர்வாகக் குறை.

ஒரு கேள்வி

பேச்சு முடிந்ததும், பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பையன் எழுந்து கேட்டான்: "மாமா, நீங்க சொல்றது கேக்க நன்னாருக்கு. ஆனா எங்க கம்பெனியில தப்பை ஒத்துண்டா அப்ரைசல்ல கட் பண்ணிடுவா. தவான் மாதிரி பாஸ் எல்லாருக்கும் கிடைப்பாளா?"

நியாயமான கேள்வி. கிடைக்கமாட்டார்கள் என்றுதான் பதில் சொன்னேன். மேலே யார் வரவேண்டும் என்பது நம் கையில் இல்லை. தப்பை ஒத்துக்கொண்டால் சில சமயம் நஷ்டம் வரும். வராது என்று உனக்கு நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் உனக்குக் கீழே இன்றோ நாளையோ ஒருவர் வந்து உட்காருவார். அவருக்கு எப்படிப்பட்ட பாஸ் கிடைக்கிறார் என்பது முழுக்க உன் கையில்தான் இருக்கிறது. எனக்கு 1977-ல் நல்லவர் ஒருவர் கிடைத்தார். என் கிளார்க்குக் கிடைத்தது நான். எனக்கு நஷ்டமான ஒரு ப்ரமோஷனை நான் இப்போது மறந்தே போயிருப்பேன். எழுதிய அந்த வாக்கியம் 75 வயதிலும் அப்படியே மனப்பாடமாக இருக்கிறது.

இன்று ஆத்துக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வேலையில் உங்களை ஒருமுறை காப்பாற்றிவிட்டவர் யாராவது இருந்தால், அவருக்கு ஒரு போன் பண்ணுங்கள். நீங்கள் யாரையாவது மாட்டிவிட்டிருந்தால், அவருக்கும் பண்ணுங்கள். என்னைப் போல இத்தனை வருஷம் காத்திருக்கவேண்டாம்.